காற்றுப் போகாத தையல்

டெய்லருக்கு ஒரு வீம்பு உண்டு. தான் தைத்ததை யாராவது திருப்பிக் கொண்டுவந்து குறை சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. குறை சொன்ன வாயாலேயே "அடடா" என்று சொல்லவைக்காமல் விடமாட்டார். நல்ல குணம்தான். நல்ல குணமும் ஆளைக் கவிழ்க்கும் என்பதற்கு இவரை விட்டால் வேறு சாட்சி தேட வேண்டியதில்லை.

அவருடைய ஒரே மகள் அரசாங்க உயர்நிலைப் பள்ளியில் மல்யுத்தக் குழுவில் இருந்தாள். ஆள் சின்னது, பிடித்தால் விடாது. அதனால் கூட விளையாடும் பெண்கள் அவளுக்குக் கட்டெறும்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். கோச்சுக்கு அவர்கள் வைத்த பெயர் தராசு. மனிதர் காலையில் வந்ததும் வராததுமாகப் பிள்ளைகளை எடை மெஷினில் ஏற்றி இறக்குவார். வணக்கத்துக்குப் பதில் வணக்கம் எல்லாம் அதற்குப் பிறகுதான். மல்யுத்தத்தில் எடைதான் தலையெழுத்து. வரம்புக்குக் கொஞ்சம் மேலே போனாலும் அடுத்த பிரிவில் தள்ளிவிடுவார்கள், அங்கே தன்னைவிடப் பெரிய பெண்களோடு மோத வேண்டும். கட்டெறும்புக்கோ வளர்கிற வயது. உடம்பு வளர்வேன் என்கிறது, தராசு கூடாது என்கிறது. அந்தப் பெண் யார் பக்கம் நின்றாள் என்று கேட்கவே வேண்டாம்.

ஒருநாள் கோச் ஒரு பழைய மழைக்கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார்.

"டெய்லர், பிள்ளைங்களுக்கு நல்லா வேர்த்துக் கொட்டணும். போட்டிக்குள்ள எடை இறங்கணும். கடையில விக்கிற ஜாக்கெட் எதுவும் சரியில்ல. இந்த மாதிரித் துணியில நீங்க தெச்சுத் தர முடியுமா?"

"அதுக்கென்ன சார். நம்ம பிள்ளைங்களுக்குத்தானே. காசு கீசுன்னு பேசாதீங்க."

ரப்பர் பூசிய துணி லேசில் மசியாது. மெஷினின் பாதத்தில் ஒட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். பவுடர் தூவித் தூவித்தான் ஓட்ட வேண்டும். ஊசி தப்பான இடத்தில் இறங்கினால் ஓட்டை ஓட்டைதான், பிரித்துத் தைக்க வழியில்லை. இத்தனை பாடுபட்டு முதல் ஜாக்கெட்டை முடித்துக் கொடுத்தார். கோச் அதை வாங்கித் தோள் தையலில் வாயை வைத்து ஊதினார்.

"காத்து போவுது, டெய்லர்."

போதாதா? டெய்லர் தையல்களின்மேல் ஒட்டுப் பட்டையை வைத்து, மேலே காகிதம் போட்டு, சூடு கூடிவிடாமல் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, ஒவ்வொரு ஊசித் துளையையும் அடைத்தார். கழுத்திலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் எலாஸ்டிக்கை இரட்டையாக வைத்தார். இந்த முறை கோச் கன்னம் உப்ப ஊதிப் பார்த்துவிட்டு "அடடா!" என்றார். குழுவில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் அதே மாதிரி தைத்தாயிற்று. பெற்றோர் கூட்டத்தில் டெய்லரை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். கட்டெறும்பு பின்னாலிருந்து விசில் அடித்தாள். டெய்லருக்குக் காது வரை சிவந்துவிட்டது.

வீட்டில் கைதட்ட ஆள் இல்லை. டெய்லரின் மனைவி மருந்துக் கடையில் பில் போடுகிறவள். நாள் முழுக்க நோயாளிகளின் முகத்தைப் பார்த்துப் பழகியவள்.

"புள்ள தட்டையே தொட மாட்டேங்குது. தண்ணியக்கூட வாயில ஊத்திக் கொப்பளிச்சுத் துப்பிடறா. இதுல நீங்க வேற, இருக்கிற தண்ணியையும் புழிஞ்செடுக்கச் சட்டை தெச்சுக் குடுத்திருக்கீங்க. நல்ல அப்பா, நல்ல பொண்ணு!"

"போட்டி முடியற வரைக்கும்தானே. விடேன்."

"எல்லாத்தையும் விட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

அன்றைக்கு வெயில் தாழ்ந்த பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. டெய்லர் ஒரு கால்சட்டைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தார். கடையைப் பூட்டினோமா இல்லையா என்றுகூடத் தெரியாமல், கழுத்தில் டேப் தொங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பயிற்சி முடிந்து எடை மெஷினில் ஏறப் போனவள் ஏறாமலே சரிந்துவிட்டாள் என்றார்கள்.

அவசர சிகிச்சை அறையின் வாசலில் ஒரு நர்ஸ் குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்த ஜாக்கெட் கிடந்தது, தாறுமாறாக வெட்டப்பட்டு. அதன் கையிலிருந்து வேர்வை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"கத்திரிக்கோல் வழுக்குது, எலாஸ்டிக் அறுபட மாட்டேங்குது, அதுக்குள்ள அந்தப் பொண்ணு கொதிக்கிறா," என்று நர்ஸ் பொதுவாகத் திட்டினாள். "எந்தப் புண்ணியவான் தெச்சானோ! மூச்சு விட ஒரு ஓட்டை வெச்சானா பாருங்க." பிறகு நிமிர்ந்து, "நீங்க யாரு?" என்றாள்.

"அப்பா," என்றார் டெய்லர். கழுத்திலிருந்த டேப்பை மெதுவாக உருவிச் சட்டைப் பைக்குள் திணித்தார். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

மகள் பிழைத்துவிட்டாள். ஆனால் அதற்கு மேல் டாக்டர் சொன்னது எதுவும் நன்றாக இல்லை. உடம்பில் நீர் வற்றி, சூடு ஏறி, சதை கரைந்து, அந்தக் கழிவு போய்ச் சிறுநீரகத்தை அடைத்துவிட்டதாம். ரத்தத்தை மெஷின் வைத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். எவ்வளவு தேறும் என்று இப்போது சொல்ல முடியாது.

"சிறுநீர் சரியா இறங்கற வரைக்கும் தண்ணி அளந்துதான் குடுக்கணும்," என்றார் டாக்டர். "கெஞ்சுவா. கூடுதலாக் குடுத்துடாதீங்க, நுரையீரல்ல போய்ச் சேர்ந்துடும். அப்புறம், மல்யுத்தத்த மறந்துடச் சொல்லுங்க. இனி அது கிடையாது."

மகளிடம் அதை மனைவி சொல்வாள் என்று டெய்லர் விட்டுவிட்டார். மனைவி இவர் சொல்வார் என்று விட்டாள். யாரும் சொல்லவில்லை.

வெளியே ஊர் இரண்டாகப் பிளந்து நின்றது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரு கட்சி கோச்சை உள்ளே தள்ளு என்றது. பெண்களைப் பட்டினி போட்டுப் பதக்கம் வாங்குகிற பள்ளிக்கூடம் என்று பத்திரிகையில் போட்டார்கள். இன்னொரு கட்சிக்கு வேறு கவலை. அந்தக் கோச்சிடம் பயின்ற பெண்கள் விளையாட்டை வைத்தே கல்லூரிக்குப் போனார்கள், வேலைக்குப் போனார்கள். அவரை அனுப்பிவிட்டால் மிச்சமிருக்கும் பெண்களின் கதி? முதல் கட்சிக்குக் கோபம் இருந்தது, இரண்டாம் கட்சிக்குத் தேவை இருந்தது. கோபம் நாலு நாளில் ஆறிவிடும், தேவை ஆறுமா? ஒரு வாரத்தில் இரண்டாம் கட்சிதான் ஊராக இருந்தது. அப்போதுதான் பெற்றோர்களின் போன் குழுவில் யாரோ கேட்டார்கள்: அந்தச் சட்டையை யார் தைத்தது?

கோச் அங்கே பணிவாகப் பதில் போட்டார். எந்தப் பிள்ளையையும் அதைப் போடச் சொன்னதில்லை. ஒரு தகப்பனார் ஆசையாகத் தைத்துக் கொடுத்தார், வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. அதுதான் தன் தப்பு. அதன் கீழே கும்பிடு வரிசை கட்டியது. காசு வேண்டாம் என்று சொன்ன டெய்லரிடம் ஒரு பில் கூடக் கிடையாது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். வெட்டாமல் கிடந்த துணிகளை வாடிக்கைக்காரர்கள் வந்து ஒன்றொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். "அவசரமில்ல டெய்லர், நீங்க பாப்பாவப் பாருங்க" என்றார்கள். யாரும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

கல்வித் துறை அதிகாரி விசாரணைக்கு வந்தார். டெய்லர் கிளம்பும்போது மனைவி வாசல் வரை வந்தாள்.

"அவன் கடைக்கு வந்து கேட்டான். ஊதிப் பாத்துட்டு, காத்து போவுதுன்னான். அத அப்படியே சொல்லுங்க. நீங்க அடைச்சுக் குடுத்ததையும் சொல்லுங்க. நம்ம தலையில என்ன விழுதோ விழட்டும். ஆனா அவன விட்றாதீங்க."

"விட மாட்டேன்."

வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். பள்ளிக்கூடப் பிள்ளை மனப்பாடம் செய்வதுபோல்தான். கடைக்கு வந்தார், ஊதிப் பார்த்தார், காற்றுப் போகிறது என்றார்.

தலைமையாசிரியையின் அறையில் மின்விசிறி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி அலமாரி முழுக்கக் கோப்பைகள். அதன் முன்னால் கோச் உட்கார்ந்திருந்தார். எதிரே அதிகாரியும் தலைமையாசிரியையும். டெய்லருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள்.

"டீம்ல இருக்கிற மத்தப் பொண்ணுங்ககிட்ட எல்லாம் பேசியாச்சு," என்றார் அதிகாரி. "நேத்து ஆஸ்பத்திரிக்கும் போனோம். டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டு, உங்க பொண்ணுகிட்ட மட்டும் தனியாப் பேசினோம். அவ சொன்னதப் பதிவு பண்ணியிருக்கேன். கேளுங்க."

போனை மேசைமேல் வைத்தார். மகளின் குரல் வந்தது, தொண்டை காய்ந்துபோன குரல்.

"கோச் சார் போடச் சொல்லல. போடாதேன்னுதான் சொன்னாரு. எங்கப்பாதான் அவரா தெச்சுக் குடுத்தாரு. நானாத்தான் போட்டுக்கிட்டேன். கோச் சார அனுப்பிடாதீங்க, ப்ளீஸ். டீமே போயிடும்."

டெய்லர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மனப்பாடம் செய்தது ஒன்று கூட நினைவில் இல்லை.

"உங்க பொண்ணு சொல்றது சரிதானா?"

"பாப்பா பொய் சொல்றான்னு நீங்க சொன்னா," என்று தலைமையாசிரியை தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்டார், "மறுபடியும் போய் அவளத்தான் கேக்கணும். மத்தப் பொண்ணுங்களும் இதையேதான் சொல்லியிருக்காங்க. அவ்வளவு பேரையும் எதிர்ல வெச்சுக் கேக்கணும். அந்த நிலைமையில அவளால முடியுமான்னு நீங்களே யோசிங்க."

டெய்லர் கோச்சைத் திரும்பிப் பார்த்தார். திமிராக உட்கார்ந்திருந்தால் பாய்ந்திருப்பார். கோச்சோ தலையைக் குனிந்து அழுதுகொண்டிருந்தார், நிஜமாகவே. நடிக்கிறான் என்று நினைத்துக்கொள்ளவாவது வழி இருந்திருக்கலாம். அதுவும் இல்லை. அந்த ஆளுக்குக் கட்டெறும்புமேல் பாசம் இருந்தது. தன் வேலைமேல் அதைவிடக் கூடுதலாக இருந்தது.

"சரிதான்," என்றார் டெய்லர்.

"யாரும் கேக்காம நீங்களாவே தெச்சுக் குடுத்தீங்க?"

"நானாவேதான்."

வெளியே நடையில் கோச் ஓடிவந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உங்களுக்குப் பெரிய மனசு டெய்லர்," என்றார். டெய்லருக்கு அந்த முகத்தில் துப்ப வேண்டும்போல் வெறி வந்தது. வாயில் எச்சில் இல்லை. கையை உருவிக்கொள்ளவும் தோன்றவில்லை. கோச் தானாக விடும் வரை நின்றுகொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் மனைவி வார்டு வாசலிலேயே காத்திருந்தாள். முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லல, இல்ல?"

"அவளே சொல்லிட்டா. அவன் போடச் சொல்லலன்னு. நான் என்ன பண்றது?"

"அவ குழந்தை," என்றாள் மனைவி. "நீங்க?"

அவரைத் தாண்டிப் படியிறங்கிப் போய்விட்டாள்.

மகள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். முகம் ஊதியிருந்தது. எடை கூடாமல் இருக்க அத்தனை பாடுபட்ட உடம்பில் இப்போது நீர் கோத்துக் கை காலெல்லாம் வீங்கிக் கிடந்தது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்ட சத்தத்தில் கண்ணைத் திறந்தாள்.

"அப்பா. கோச் சார் இருப்பாருல்ல?"

"இருப்பாரு கண்ணு."

"என்மேல கோவமா?"

"ச்சே. எதுக்கு?"

"உன்ன மாட்டி விட்டுட்டேன்ல." அவளுக்கு மூச்சு வாங்கியது. "உன்ன என்ன பண்ணிடுவாங்க, நீ டெய்லர்தானே. அவருக்குன்னா வேலை போயிடும். அப்புறம் நான் யார்கிட்ட போய் விளையாடுவேன்? நான் திரும்பி வர்ற வரைக்கும் என் இடத்த யாருக்கும் குடுக்க மாட்டேன்னு சொல்லியிருக்காரு."

இப்போது சொல்லிவிடலாம். அந்த இடத்துக்கு நீ திரும்பிப் போகப் போவதில்லை, யாரைக் காப்பாற்ற அப்பனைக் கொடுத்தாயோ அவனுக்கும் அது தெரியும் என்று சொல்லிவிடலாம். டெய்லர் வாயைத் திறந்தார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், கைதட்டு வாங்கியவரைப் பின்வரிசையிலிருந்து பார்த்த அதே பெருமையோடு.

"குடுக்க மாட்டாரு," என்றார்.

அவள் சிரித்தாள். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது.

"தண்ணி குடுப்பா."

"குடிச்சாச்சுடா. இன்னிக்கு அவ்வளவுதான்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"ஒரே ஒரு வாய். அம்மாதான் இல்லையே. நான் சொல்ல மாட்டேன்."

"முடியாது கண்ணு."

"அப்பா, ப்ளீஸ்பா."

ஈரத்துணியால் உதட்டை ஒற்றலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். டெய்லர் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, உதட்டில் வைத்தார். மகள் சட்டென்று அதைப் பல்லால் கவ்விக்கொண்டு உறிஞ்சத் தொடங்கினாள். அவர் இழுத்துப் பார்த்தார், வரவில்லை. மிச்சமிருந்த பலமெல்லாம் அந்தப் பல்லுக்கு வந்திருந்தது. கடைசியில் ஒரு கையால் அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் துணியைப் பிடுங்கி எடுத்தார்.