பதினொரு வருடமாகத் திறக்காத லிஃப்ட்

அந்தப் படத்தை எனக்கு நானே அனுப்பிக்கொள்ளத்தான் நினைத்தேன். என் விரல் தடித்தது. மூளை அதைவிடத் தடித்தது.

'நூல் வெளியீட்டு விழா' என்று தங்க எழுத்தில் போட்டு, என் முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கி, 'எழுத்தாளர் லோகன் கன்னையாவின் முதல் நாவல்' என்றும் ஆறு வாரம் தள்ளி ஒரு தேதியும் சேர்த்திருந்தேன். கைப்பேசித் திரையில் வைத்துத் தினமும் என்னை நானே மிரட்டிக்கொள்வதற்காகச் செய்த படம் அது. போய் விழுந்ததோ எங்கள் ஊர் கிள்ளானில், கோயில் குழுவின் வாட்ஸ்அப்பில். இருநூற்றுப் பதினான்கு பேர்.

அழிப்பதற்குள் நாற்பது கைகூப்பு வந்துவிட்டது. தலைவர் தம்புசாமி குரல் பதிவே அனுப்பினார். "லோகா, அன்னிக்கு நம்ம மண்டபம் காலிதான், புக் பண்ணிட்டேன். டத்தோகிட்டயும் சொல்லியாச்சு. மொத புக்க அவருதான் வாங்குறாரு. சாப்பாடு சைவம், ஓகே லா?"

மண்டபம், அரசுப் பட்டம் பெற்ற டத்தோ, சைவச் சாப்பாடு, எல்லாம் ஓகே. ஒன்றே ஒன்றுதான் குறை. நாவல் இல்லை.

இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. மூன்று அத்தியாயம் இருந்தது. நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். கதையும் அதுதான்: பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி ஒன்றில், ஒன்பதாம் மாடிக்கும் பத்தாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிடுகிறது. உள்ளே புஷ்பவல்லி என்ற மருத்துவமனைத் தாதி. கூடவே, முப்பது வருடத்துக்கு முன் அவள் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொன்ன சின்னையா. எட்டு மணி நேரக் கதை. அந்த இரண்டு பேரையும் நான் பதினொரு வருடமாக உள்ளேயே வைத்திருந்தேன். நிஜ வாழ்க்கையில் இருபது நிமிடம் தாமதித்தாலே விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வரும்.

ஏன் நகரவில்லை என்றால், முதல் அத்தியாயத்தை இருபத்து மூன்று தடவை எழுதியிருந்தேன். ஒரு தடவை நிலாவில் தொடங்கினேன். ஒரு தடவை மழையில். பதினேழாவது தடவை நிலாவும் மழையும் சேர்ந்து வந்தன.

"உண்மையச் சொல்லிடுங்களேன்," என்றாள் மனைவி மாதவி. "ஃபோன் தப்பு பண்ணிடுச்சுன்னு சொன்னா யாரு என்ன கேக்கப் போறா?"

சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தத் தடவை பின்வாங்கினால் நான் இனி எழுதப் போவதில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. வயது ஐம்பத்தொன்று. 'எழுதிட்டிருக்கேன்' என்ற சொல்லுக்கும் ஓய்வு வயது உண்டு.

"சரி, எழுதினவரைக்கும் படிச்சியே, எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. சாப்பிட வாங்க."

வேலையிடத்தில் என் உதவியாளன் பிரவினுக்கும் அந்த மூன்று அத்தியாயத்தை அனுப்பியிருந்தேன். "பவர் லா பாஸ்!" என்றான். நான் அனுப்பிய கோப்பை அவன் இன்னும் பதிவிறக்கவே இல்லை என்பதை அவன் கைப்பேசியே காட்டிக்கொடுத்தது.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸில் ஜரீனாவைப் பார்க்கப் போனேன். ஒரு மாடிக் கடையில் கல்யாணக் கார்டுகளும் தமிழ்ப் புத்தகங்களும் அச்சுக்கு ஏற்றபடி பக்கம் வடிவமைத்துத் தருகிறவள். மேசையில் மூன்று கல்யாணம், ஒரு கருமாதி, இடையில் பால் இல்லாத தேநீர், ஒரு தே ஓ.

"மூணுதான் இருக்கா?" என்று தாளைப் புரட்டினாள். "மொத்தம் எத்தன?"

"பன்னெண்டு. ஆனா மொத அத்தியாயத்த இருபத்திமூணு தடவ எழுதிட்டேன், இன்னும் கொஞ்சம் சரி பண்ணிட்டு..."

"அண்ணே, லிஃப்ட்ல ஆளு மாட்டிக்கிட்டா மொதல்ல என்ன செய்வீங்க?"

"ஆள வெளிய எடுப்போம். பழுத அப்புறம் பாப்போம்."

"அப்ப எடுங்க."

அவள் நாட்காட்டியைத் தட்டினாள். "பிரிண்டிங்குக்கு ரெண்டு வாரம் வேணும். மிச்சம் நாலு வாரம். மூணு நாளைக்கு ஒரு அத்தியாயம். ஒரே கண்டிஷன். குடுத்தது குடுத்ததுதான், திருத்தணும்னு வந்தா திருப்பித் தர மாட்டேன். கார்டுல மாப்பிள்ளையவே மாத்தக் கேட்டு வந்தாங்க. அவங்களுக்கே தரல."

முதல் மூன்றையும் அங்கேயே இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் விட்டவன் மாதிரி படியில் இறங்கினேன்.

எனக்கு எழுத நேரம் கிடைத்தது வேலைக்குப் போகும் கொமுட்டர் ரயிலில்தான். கிள்ளானில் ஏறினால் கேஎல் சென்ட்ரல் வரைக்கும் கைப்பேசியில் கட்டை விரலால் எழுதினேன். நிலாவுக்கு நேரமில்லை. 'அவள் தண்ணீர்ப் புட்டியை அவனிடம் நீட்டினாள்' என்று எழுதினால் அடுத்து அவன் குடித்தே ஆக வேண்டும். கதை தானாக நகர்ந்தது. ஒருநாள் வாக்கியத்தின் பாதியிலேயே இறங்க நேர்ந்தது. நாள் முழுக்க எரிச்சலாக இருந்தது. மறுநாள் உட்கார்ந்ததும் மீதிப் பாதி தயாராகக் காத்திருந்தது. அதற்குப் பிறகு வேண்டுமென்றே பாதியில் நிறுத்தினேன். எழுதியது மட்டமாக இருந்த நாள்களும் உண்டு. மட்டமானதையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறு வழி? மூன்று நாள் முடிந்திருந்தது.

கொடுக்கும்போதெல்லாம் கேட்டேன். "எப்படி இருக்கு?"

"பதினாறு பக்கம் இருக்குண்ணே."

அடுத்த தடவை, "எப்படி இருக்கு, ஜரீனா?"

"நிறைய கமா போடுறீங்க."

அதற்கும் அடுத்த தடவை அவள் வாயில் பிஸ்கட் இருந்தது. வேண்டுமென்றே போட்டுக்கொண்டாள் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்.

பதினோராவது அத்தியாயம் வரைக்கும் எப்படியோ வந்துவிட்டேன். கடைசி அத்தியாயத்தில் கதவு திறக்க வேண்டும். எனக்குத் திறக்கத் தெரியவில்லை. வாழ்நாளில் ஆயிரம் கதவு திறந்தவனுக்கு! அழவைத்துப் பார்த்தேன், கைகோர்க்கவைத்துப் பார்த்தேன். எல்லாம் பொய்யாக இருந்தது. இரண்டு நாள் போயிற்று. மண்டபத்துக்கு வாழைமரம் சொல்லியாச்சு என்று தம்புசாமி செய்தி அனுப்பினார்.

மூன்றாம் நாள் காலை பங்சாரில் ஒரு கட்டடத்திலிருந்து அழைப்பு வந்தது. லிஃப்டில் இரண்டு பேர், நாற்பது நிமிடமாக. நானும் பிரவினும் ஓடினோம். கதவை நெம்பித் திறந்தால், உள்ளே ஓர் ஆன்டியும் வேலை பெர்மிட்டில் வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் இளைஞனும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் அதற்கு முன் பார்த்ததே இல்லையாம். அவன் ஊரில் தன் அக்காவுக்கு நின்றுபோன கல்யாணத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"வாங்க ஆன்டி, மெதுவா வாங்க," என்று கையை நீட்டினேன்.

அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இரு தம்பி. இந்தப் பிள்ள சொல்லி முடிக்கட்டும்."

நின்றேன். பிரவினும் நின்றான். இளைஞன் சொல்லி முடித்தான். பிறகுதான் அவர் எழுந்து புடவையை உதறினார்.

அன்று திரும்பும் ரயிலில் கடைசி அத்தியாயத்தை முடித்தேன். கிள்ளான் கடந்துபோனதே தெரியவில்லை. அடுத்த நிலையத்தில் இறங்கி எதிர்த் திசையில் ஏறி வந்தேன்.

மறுநாள் கடைசித் தாள்களைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றேன். ஜரீனா நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தாள். வாயில் பிஸ்கட் இல்லை.

"பக்கம் எத்தனன்னு சொல்லாத," என்றேன். "கமாவும் வேணாம். நாளைக்கு ஃபைல் பிரிண்டிங்குக்குப் போகணும். தம்புசாமி அண்ணங்கிட்ட மண்டபம் வேணும்னு சொல்லவா, வேணாம்னு சொல்லவா? வேணாம்னா எனக்குக் காய்ச்சல்னு சொல்லிக்கிறேன். இப்பவே லேசா இருக்கு."

அவள் இழுப்பறையைத் திறந்து அடியிலிருந்து ஒரு தாள்கட்டை உருவினாள். முதல் அத்தியாயம்.

"இது செத்துப்போச்சுண்ணே. இருபத்திமூணு தடவ குளிப்பாட்டினா யாரா இருந்தாலும் செத்துடுவாங்க. ரெண்டாவது சுமார், தாங்கும். மூணுலருந்து நான் வேலையா படிக்கல, சும்மா படிச்சேன். கதவு தொறந்தும் அந்தம்மா 'இரு தம்பி'ன்னு சொல்லுதே, அங்க எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு." தாள்களை என் கையில் திணித்தாள். "குடுத்தத திருப்பித் தர மாட்டேன்னு சொன்னேன்ல? இத மட்டும் எடுத்துட்டுப் போங்க. மிச்சம் நாவல். மண்டபம் வேணும்னு சொல்லுங்க."