ஐம்பது புள்ளிக்குப் பறந்த முடி

தெருவில் அவரை அடிக்கோல் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்வதுதான். அந்த முதுகு நேராக இருப்பதால் வைத்த பெயர் என்பதால் அவரும் காதில் விழாததுபோல் இருந்துவிட்டார். முப்பத்தாறு வருடம் நில அளவையராக வேலை பார்த்தவர். ஒரு சாண் நிலத்துக்காக அண்ணனும் தம்பியும் முறைத்துக்கொண்டு நின்ற இடங்களுக்கெல்லாம் போய், சங்கிலி பிடித்து அளந்து, இதுதான் எல்லை என்று கல் நட்டுவிட்டு வந்தவர். ஓய்வு பெற்றபின் அளப்பதற்கு மிச்சமிருந்தது மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். தினமும் மாலை ஐந்து மணிக்குக் கோடு போட்ட கழியோடு மேலே போவார். தொட்டிக்குள் விட்டுப் பார்த்து, எத்தனை அங்குலம் என்று கீழே வந்து சொல்வார். யாரும் கேட்டதில்லை.

மாடியில் நிற்கும்போது அவருடைய இடது கை எப்போதும் நெற்றிக்கு மேல் இருக்கும். தூரத்தில் எதையோ உற்றுப் பார்ப்பவர்போலத் தெரியும். உண்மையில் அவர் முடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடமாக அவர் தலையில் இருப்பது டோப்பா. மனைவியைத் தவிர அது வேறு ஒருவருக்கும் தெரியாது என்று நம்பியிருந்தார். மாதம் ஒருமுறை, கண் டாக்டரிடம் போகிறேன் என்று கிளம்பி, இரண்டு பஸ் மாறிப் போய் அதைச் சுத்தம் செய்துகொண்டு வருவார். இத்தனைக்கும் கண்ணாடிகூடப் போடாதவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டுப் பல் டாக்டர் செல்போனை நீட்டிக்கொண்டு வந்தார்.

“சார், நம்ம ரெண்டு பேரும் பெரிய ஆளாயிட்டோம்! உங்க தம்பி பொண்ணு நம்ம தெருவையே கேம்ல போட்டிருக்கா!”

தம்பி மகள் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் இருந்தாள். விளையாட்டில் வரும் வீடுகளையும் ஆட்களையும் வரைவது அவள் வேலை. நாலு தலைமுறையில் பொம்மை செய்து பிழைத்தவர் நம் குடும்பத்தில் எவருமில்லை என்று அவள் சேர்ந்த அன்றே அடிக்கோல் சொல்லிவிட்டார். யாராவது விசாரித்தால், ‘கட்டட வேலையில் இருக்கிறாள்’ என்பார்.

புது விளையாட்டை விற்பனைக்கு விடுமுன் ஆயிரம் பேருக்குச் சும்மா கொடுத்து ஆடவிட்டிருந்தார்கள். டாக்டர் அதில் ஒருவர். மஞ்சள் நிறக் குட்டி ஹெலிகாப்டர் ஒன்றை ஊருக்கு மேலே ஓட்ட வேண்டும். பிறந்தநாள் கேக், பியானோ, ஓடிப்போன பூனை என்று எதையாவது ஒரு மாடியிலிருந்து தூக்கி இன்னொரு மாடியில் இறக்க வேண்டும். போகிற வழியில் இறக்கைக் காற்றில் எதைப் பறக்கவிட்டாலும் அதற்குத் தனிப் புள்ளி.

“இது என் மாடி. இது என் குடை. இது பறந்தா நூறு புள்ளி!” என்று டாக்டர் காட்டினார். “இப்போ எதிர்ப்பக்கம் வரேன். இது யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்?”

தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் ஒரு குட்டி மனிதர் நின்றார். முதுகு நேராக இருந்தது. வலது கையில் கழி, இடது கை நெற்றியில். ஹெலிகாப்டர் நெருங்கியதும் இரண்டு கையாலும் கழியைத் தூக்கி மிரட்டினார். அவர் தலைமுடி அப்படியே கழன்று, காற்றில் ஒரு சுற்று சுற்றி, தொட்டிக்குள் விழுந்தது. திரையில் ஐம்பது என்று மின்னியது.

“என் குடைக்கு நூறு, உங்க முடிக்கு ஐம்பதுதான்!” டாக்டர் தொப்பை குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்தபின் அவர் கண் ஒரு நொடி எதிரில் இருந்தவர் தலைமேல் போய் நின்றது. நின்றதாக அடிக்கோலுக்குத் தோன்றியது.

அன்று தொட்டியை அளக்கவில்லை. கட்டிக் காத்த மானம் குட்டி ஹெலிகாப்டர் காற்றில் போய்விட்டது. இன்று டாக்டர் வரைக்கும் வந்தது, நாளை ஊரெல்லாம் போகும்.

மறுநாள் பத்து மணிக்கு, மடிப்புக் கலையாத சட்டையோடு கம்பெனி வாசலில் நின்றார். டயர் கடைக்கு மேலே ஒரே ஒரு நீளமான அறை. ஐந்து மேசை, காலுக்கடியில் வயர், காய்ந்துபோன காப்பிக் கோப்பைகள். சுவர் முழுக்கத் தெருவின் புகைப்படங்கள். அவர் வீட்டு மாடி மட்டும் எட்டுக் கோணத்தில் இருந்தது.

“பெரியப்பா! வாங்க, உட்காருங்க.” தம்பி மகள் பதறி எழுந்தாள்.

“உட்கார வரல. என்னை இதுல போட யாரைக் கேட்ட?”

“உங்களைத்தான் பெரியப்பா. தொட்டி அளக்கிறதைப் போடவான்னு கேட்டேன். அளவைத் தப்பாப் போட்டுறாதன்னு சொன்னீங்க.”

அது உண்மைதான். அதனால் கோபம் இன்னும் ஏறியது.

“தொட்டிக்குத்தானே சரின்னேன்? முடியைப் பறக்கவிட்டது யாரு?”

மூலை மேசையிலிருந்து தாடிக்காரப் புரோகிராமர் ஒருவர் கையைத் தூக்கினார். “நான்தான் சார். அது வந்து...”

“என் தலையில இருக்கிறது டோப்பான்னு உனக்கு யாருய்யா சொன்னது?”

அறையில் கீபோர்டுச் சத்தம் நின்றது. கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“யாரும் சொல்லல சார்,” என்றார் தாடிக்காரர் மெதுவாக. “கேம்ல எல்லாருக்குமே முடியைத் தனியாச் செஞ்சு தலையில ஒட்டுவோம். உங்களுக்கு ஒட்ட மறந்துட்டேன். ஒட்டாதது எது பறந்தாலும் கேம் தானா ஐம்பது போட்டுடும். அது என் தப்பு சார். வேற ஒண்ணும் இல்ல.”

அடிக்கோல் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். முதுகு மட்டும் சாயவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர். சொந்த வாயாலேயே ஐந்து பேருக்கு நடுவில் கல் நட்டாகிவிட்டது.

தம்பி மகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை என்பதை அவர் கவனித்தார்.

“உனக்குத் தெரியுமா?”

“ஏழு வயசுல பார்த்தேன் பெரியப்பா. ஜன்னல்ல காயப் போட்டிருந்தீங்க. பூனைன்னு நினைச்சுத் தடவிக் கொடுத்தேன்.”

“வீட்ல வேற யாருக்கு?”

“எல்லாருக்கும்தான். அத்தைங்க, சித்தப்பாங்க, மாப்பிள்ளைங்க வரைக்கும். யாரும் மூச்சு விடக்கூடாதுன்னு பெரியம்மா சொல்லியிருக்காங்க.”

அவர் தண்ணீரைக் குடித்தார். மனத்துக்குள் தலைகளை எண்ணினார். இருபத்தாறு வந்தது. இருபத்தாறு பேர், இருபத்திரண்டு வருடம். சண்டை போட்டுக்கொண்டு பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்த சகலைகூட இதைச் சொல்லிக் காட்டவில்லை. வேறு எந்தக் குடும்பத்தில் இது நடக்கும்? டாக்டர் வீட்டில் மருமகள் வாங்கிய செருப்பின் விலை அன்று மாலையே தெருக்கோடி வரை போய்விடுகிறது. அவர் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

“ஒரே நிமிஷம் சார்,” என்றார் தாடிக்காரர். “இப்பவே ஒட்டிடறேன். இனிமே அசையாது.”

“கையை எடு.”

தாடிக்காரர் கையை எடுத்தார்.

“நட்ட கல்லை ராத்திரியோட ராத்திரியா நகர்த்தினா என்ன ஆகும் தெரியுமா? அங்க ஏதோ தகராறு இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சுடும். நேத்துப் பறந்த முடி இன்னைக்குப் பறக்கலன்னா எதிர்வீட்டுக்காரன் என்ன நினைப்பான்? பறக்கட்டும்.”

“பெரியப்பா, நிஜமாவா?”

“ஆனா ஒண்ணு. அவன் குடைக்கு எவ்வளவு?”

“நூறு.”

“கடையில வாங்கின குடைக்கு நூறு. நம்ம வீட்டு முடிக்கு ஐம்பதா?” அவர் மேசையைத் தட்டினார். “இருநூறு போடு.”

தாடிக்காரர் தம்பி மகளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். கீபோர்டில் இரண்டு தட்டுத் தட்டியதில் வேலை முடிந்தது. அடிக்கோல் எழுந்து போய்த் திரையில் அந்த எண்ணைப் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே படியிறங்கினார்.

மறுநாள் மாலை ஐந்து மணி. எதிர் மாடியில் குடைக்கு அடியிலிருந்து டாக்டர் கத்தினார்.

“என்ன சார் அநியாயம் இது? உங்க முடிக்கு இருநூறாம்! என் குடை இன்னும் நூறுலயே நிக்குது!”

அடிக்கோல் கழியைத் தொட்டிக்குள் விட்டு, எடுத்து, ஈரக் கோட்டைப் பார்த்தார். பதினெட்டு அங்குலம். காற்று கொஞ்சம் பலமாகத்தான் வீசியது.

“அதெல்லாம் பொருளைப் பொறுத்தது டாக்டர்,” என்றார், இடது கையைத் தலையிலிருந்து எடுக்காமல்.