விதவையின் காலில் மருதாணி

சித்தானாவின் காலில் மருதாணி இருப்பதை முதலில் பார்த்தது ரவ்தாதான். பார்த்தவள் சும்மா இருப்பாளா? அன்று சாயங்காலம் நாங்கள் நடக்கக் கிளம்பும் முன்பே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

எங்கள் அத்பரா ஊரில் புருஷன் இருக்கிறவள்தான் காலுக்கு மருதாணி வைப்பாள், உள்ளங்கால் கரியாகக் கறுக்கும்வரை. சித்தானாவின் புருஷன் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவன், செத்து இரண்டு வருஷம் ஆகிறது. நான் சித்தானாவின் பக்கத்து வீட்டுக்காரி என்பதால் ரவ்தா நேராக என்னிடம்தான் வந்தாள்.

"யாருக்காம் இஹ்சான் இந்த அலங்காரமெல்லாம்?" என்றாள்.

"உனக்குத்தான். நீதான் முதல்ல பாத்திருக்க" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் உறுத்தத்தான் செய்தது.

இந்த நடை, அலவிய்யா ஏற்பாடு செய்தது. சுகாதார நிலையத்து நர்ஸ் அவள். செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் தெருவின் சர்க்கரை வியாதிக்காரிகளையெல்லாம் உட்கார வைத்துப் பாடம் நடத்துவாள். டீயில் இத்தனை கரண்டி சர்க்கரை போடுகிறவளுக்கு வெட்கமே இல்லையா என்று திட்டுவாள். யாரிடமோ கேட்டு எல்லாருக்கும் கேன்வாஸ் ஷூ வாங்கி வந்தாள். கூடவே ஆளுக்கொரு கைக்கண்ணாடி.

"இது மூஞ்சி பாக்க இல்ல. தினமும் இதுல உள்ளங்காலைப் பாருங்க. சர்க்கரை ஏறினா கால் மரத்துப்போயிடும், முள்ளு குத்தினாலும் தெரியாது. சின்னக் கொப்புளம்னாலும் அன்னைக்கே எங்கிட்ட காட்டணும். மறைச்சீங்க, காலே போயிடும்" என்றாள்.

அவள் அதைச் சொன்னபோது எல்லாரும் சித்தானாவைப் பார்த்தார்கள். அவளுடைய அம்மாவுக்கு இதே சர்க்கரையில்தான் கால் போயிற்று. வெட்டிய பிறகு அந்த அம்மாள் அதிக நாள் இருக்கவில்லை.

"எங்கம்மா ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனாங்க. கட்டில்ல வந்தாங்க" என்றாள் சித்தானா.

அவள் எங்களோடு நடப்பதற்கு அவளுடைய புருஷனின் அண்ணன் தாஜுஸ்ஸிரிடம் அனுமதி வாங்க அலவிய்யா அந்த வீட்டு வாசலுக்கு எத்தனை தடவை போனாள் என்பது எனக்குத்தான் தெரியும். ஒரே முற்றத்தில் முன்கட்டு அவருடையது, பின்கட்டு சித்தானாவுடையது. கடைசியில், "சேர்ந்து போங்க, சேர்ந்து வாங்க, பொழுது சாயறதுக்குள்ள வீட்ல இருக்கணும்" என்று விட்டார். இத்தா என்னும் துக்க காலம் முடிந்த பின்னும் வாசல் தாண்டாமல் கிடந்தவள், அன்றிலிருந்து தண்டவாளத்து ஓரமாக எங்கள் எல்லாருக்கும் முன்னால் நடப்பாள். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும் ரவ்தாவைப் பார்த்து, "கூட்ஸ் வண்டி வருது, வழி விடுங்க" என்பாள். அவள் மறுபடி சிரித்ததை நான் அந்தத் தண்டவாளத்து ஓரத்தில்தான் கேட்டேன்.

மருதாணிப் பேச்சு கிளம்பிய மறுநாள் அவள் சாக்ஸ் போட்டுக்கொண்டு வந்தாள். அந்த வெயிலில் சாக்ஸ்.

"ஏன் மறைக்கிற? பாக்க வேண்டியவர் பாத்தாச்சா?" என்றாள் ரவ்தா.

சித்தானா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். முன்னைப்போல வேகமில்லை. பேச்சுக்குக் கூசி ஒதுங்குகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்தச் செவ்வாய் அலவிய்யா கால் பார்க்கும் நாள். எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். சித்தானாவின் முறை வந்ததும் ரவ்தா கழுத்தை நீட்டினாள்.

"கழட்டு சித்தானா, நாங்களும் பாக்கறோம். எந்தக் கடை மருதாணின்னு தெரிஞ்சுக்கலாம்" என்றாள்.

நாலைந்து பேர் சிரித்தார்கள். சித்தானாவின் கை சாக்ஸின் விளிம்பிலேயே நின்றுவிட்டது. அலவிய்யாவுக்கு வந்ததே கோபம்.

"வாயை மூடு ரவ்தா. விதவைன்னா காலைக்கூட உங்ககிட்ட கேட்டுத்தான் வச்சுக்கணுமா? மருதாணி வச்சா வச்சுக்கட்டும், அவ கால், அவ இஷ்டம்." பிறகு குனிந்து சித்தானாவின் முழங்காலைத் தட்டி, "நீ கழட்ட வேணாம்மா. வீட்ல நீயே கண்ணாடியில பாக்கறதானே?" என்றாள்.

"தினமும் பாக்கறேன்" என்றாள் சித்தானா. அது பொய்யில்லை.

எனக்கு அப்போது அலவிய்யாவை நினைத்துப் பெருமையாக இருந்தது. இப்படி நாலு பேர் கேட்டால்தான் இந்தத் தெரு திருந்தும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு சாம்பிராணி ஆரம்பித்தது. சந்தனம் கலந்த சாம்பிராணி, புதுப்பெண் அறையில் போடுவது. சித்தானாவின் பின்கட்டிலிருந்து மத்தியானத்திலேயே புகை கிளம்பி என் முற்றம்வரை வந்தது. கதவு சாத்தியே இருந்தது. ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்த யாரோ, அவள் கையில் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்கள். மருதாணி, கண்ணாடி, சாம்பிராணி. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? தாஜுஸ்ஸிர் என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"நீ பக்கத்து வீட்டுக்காரி. உனக்குத் தெரியாம இருக்காது. யார் அவன்?" என்றார்.

"எனக்கு எப்படித் தெரியும் அண்ணே?"

"தெரியாட்டி போகட்டும். வெள்ளிக்கிழமை அவளைக் கசலாவுக்கு, அவ அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடறேன். ரிஹாப் எங்க ரத்தம், அவ இங்கதான் இருப்பா. அப்படி ஒருத்திகிட்ட பொம்பளைப் பிள்ளைய விட்டு வைக்க முடியாது."

ரிஹாப் சித்தானாவின் ஒரே மகள். இப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கிறாள். அம்மா பின்னாமல் அவளுக்குத் தலைமுடி படியாது.

நான் அப்படியே தோப் துணியைத் தலையோடு சுற்றிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். கோபம் எனக்கு. ஆள் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், நிக்காஹ் செய்துகொள்ளட்டும். என்னிடம்கூடவா மறைப்பாள்? கதவைத் தட்டாமல் தள்ளினேன். புகைக்கு அடியில் வேறொரு நாற்றம் இருந்தது. பெருநாள் முடிந்தும் மூடி வைத்து மறந்துபோன கறியின் நாற்றம்.

கட்டிலில் உட்கார்ந்து, இடது காலை மடக்கி, கண்ணாடியை உள்ளங்காலுக்குப் பிடித்துக்கொண்டிருந்தாள். மருதாணி கறுப்பாக இருந்தது. பெருவிரலுக்குக் கீழே அது வெடித்து, உள்ளே ஈரமாகப் பிளந்து கிடந்தது. வீக்கம் கணுக்கால்வரை ஏறியிருந்தது.

"கதவைச் சாத்து" என்றாள்.

"அடிப்பாவி. எப்பலேர்ந்து?"

"முதல்ல எரிச்சல்தான் இஹ்சான். தூங்க விடாது. மருதாணி குளிர்ச்சியாச்சேன்னு வச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஷூ கடிச்சிருக்கு, எனக்குத் தெரியல. புண்ணாகவும் அது மேலயும் வச்சேன்."

"வலிக்கலையா?"

"வலிச்சா கத்தியிருப்பேன்ல."

"அலவிய்யாகிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நடக்க வராதேம்பா. அப்புறம் இந்தக் கட்டிலும் சுவரும்தான். இல்லைன்னா ஆஸ்பத்திரிக்கு அனுப்புவா. எங்கம்மாவை அனுப்பினாங்களே, அந்த மாதிரி."

"தெருவே உனக்கு ஆள் இருக்குன்னு பேசுது, தெரியுமா?"

"தெரியும். பேசட்டும். அதைப் பேசறவரைக்கும் காலைப் பாக்க மாட்டாங்கல்ல."

எனக்கு அவளை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் தாஜுஸ்ஸிர் சொன்னதைச் சொன்னேன். கசலா என்றபோது அவள் அசையவில்லை. ரிஹாப் என்றதும் கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

"ஆட்டோவைக் கூப்பிடு. அவரையும் வரச் சொல்லு. வந்து காலைப் பாக்கட்டும்" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு அலவிய்யா ஓடி வந்தாள். புண்ணைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்துவிட்டாள். "நான்தான் கழட்ட வேணாம்னேன். மானத்தைக் காப்பாத்தறேன்னு நினைச்சேன்" என்றாள். டாக்டர் வந்து, விஷம் மேலே ஏறுகிறது, காலையில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், வீட்டுப் பெரியவர் வரட்டும் என்றார்.

தாஜுஸ்ஸிர் வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது. கைத்தடியை இறுக்கிப் பிடித்திருந்தார். அறை வாசலிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன், மருதாணி எதற்கு, கண்ணாடி எதற்கு, சாம்பிராணி எதற்கு என்று. கேட்கக் கேட்க அவர் முகம் இளகியது. பெஞ்சில் உட்கார்ந்து தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கால்தானா?" என்றார்.

"கால்தான்."

"அல்ஹம்துலில்லாஹ். நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

உடனே போனை எடுத்து வீட்டுக்குச் சொன்னார், ரவ்தாவின் புருஷனுக்குச் சொன்னார். நல்ல செய்தி சொல்கிற குரல். கொஞ்ச நேரத்தில் ரவ்தா கிஸ்ரா ரொட்டியும் கோழிக்குழம்பும் தூக்கிக்கொண்டு வந்தாள், அவள் முகத்திலும் அதே நிம்மதி. ஒரு பெண்ணின் கால் போகப்போகிறது, இவர்களுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கிறது. அந்தப் பாத்திரத்தை நான் கையால் தொடவில்லை.

உள்ளே போனேன். சித்தானா முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"அவர் என்ன சொன்னார்?"

"உனக்காக துஆ செய்யறாராம்."

"இந்த அறைக் கதவு திறந்துதான் இருந்துச்சு, இஹ்சான்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இனி ரிஹாபை எங்கிட்டயே விடுவார்ல?"

"விடுவார். இப்போ விடுவார்."

"அப்ப வெட்டட்டும்" என்றாள்.