ஏரிக்கும் வளைகுடாவுக்கும் ஒரே படகு

என் தங்கையின் வீட்டு வரவேற்பறையில் நான் கால் எடுத்து வைத்த மாத்திரத்தில், "மச்சான், பாத்து! தண்ணிக்குள்ள நிக்கிறீங்க!" என்று கூவினார் அவளுடைய கணவர். குனிந்து பார்த்தேன். வழவழப்பான பழைய தரைதான். ஆனால், அதன்மேல் மஞ்சள் ஒட்டுநாடாவினால் நீண்ட படகொன்றின் வடிவம் ஒட்டப்பட்டிருந்தது. முன்னே கூம்பிப் பின்னே சதுரமாக முடிந்த அவ்வடிவத்துக்கு வெளியே இருந்தவை அனைத்தும் தண்ணீராம். சோபா தண்ணீரில் கிடந்தது. தொலைக்காட்சிப் பெட்டி தண்ணீரில் நின்றது. நானும் கைப்பையுமாகத் தண்ணீரில் நின்றேன். படகினுள் ஏறுவதற்கென்று நாடாவில் ஓரிடத்தில் சிறு இடைவெளி விட்டிருந்தார். நரைத்த தலையோடு அவ்விடைவெளி வழியாக ஏறி, அவர் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இப்ப எப்படி இருக்கு?" என்றார். தரை எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

மின்தூக்கிகளைச் சோதித்துச் சான்று வழங்கும் உத்தியோகத்திலிருந்து அண்மையில் ஓய்வு பெற்றவர் அவர். ஒரு பெட்டிக்குள் நின்று, பொத்தானை அழுத்தி, மேலே போய்க் கீழே வந்து, நலமாக இருக்கிறது என்று கையெழுத்திட்டதைத் தவிர, அவர் மேற்கொண்ட வேறு பயணம் எதையும் நான் அறியேன். அப்படிப்பட்டவருக்கு ஓய்வு பெற்ற கையோடு மீன் பித்துப் பிடித்துக்கொண்டது. அதுவரையில் முள் நீக்கித் தட்டில் வைத்த மீனைத்தான் அவர் கண்டிருந்தார். அந்த முள்ளை நீக்கி வைத்தவளும் என் தங்கைதான். இப்போதோ காற்றின் திசை, நீரின் ஆழம், தூண்டில் நரம்பின் தடிமன் என்று வாய் ஓயாமல் பேசினார். கணினித் திரையில் எவனோ எங்கேயோ மீன் பிடிப்பதைப் பார்த்துப் பார்த்தே, தாம் பிடித்துவிட்டு வந்த களைப்பும் அவருக்கு வந்துவிட்டிருந்தது. கப்பல் செலுத்துவோனைப் பழந்தமிழில் மீகாமன் என்பார்கள். மனத்துக்குள் அவருக்கு அப்பெயரைச் சூட்டினேன். அந்தச் சொல்லின்மேல் எனக்கிருந்த மரியாதைதான் குறைந்தது.

மீகாமனுக்கு வேண்டியது நடுமேடைப் படகு. அவர் வாயில் அது 'சென்டர் கன்சோல்'. அறையோ கூண்டோ இல்லாத திறந்த படகு. சுக்கான் சக்கரமும் கருவிகளும் நட்டநடுவே ஓர் உயரமான மேடையில் இருக்கும். அதைச் சுற்றி நாற்புறமும் நடக்க வழி உண்டு. தூண்டிலில் மாட்டிய மீன் படகைச் சுற்றி ஓடினால், பிடிப்பவரும் தடையின்றி அதன் பின்னால் சுற்றலாம். அந்த ஓட்டத்துக்குத்தான் வரவேற்பறையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. கவிழ்த்து வைத்த துணிக்கூடைதான் மேடை. அதன் பின்னே என் தங்கை, சாப்பாட்டுத் தட்டொன்றை நெஞ்சுக்கு நேரே இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அதுதான் சக்கரம்.

"மாட்டிக்கிச்சு! வலது பக்கம் ஓடுது, திருப்பு, திருப்பு!" என்று நரம்பில்லாத தூண்டிற்கோலை வளைத்துக்கொண்டு கூடையைச் சுற்றி ஓடினார் மீகாமன். அவள் தட்டைத் திருப்பினாள்.

"அந்தப் பக்கம் இல்லம்மா, வலது!"

"என்னோட வலது இதுதாங்க."

"மீனோட வலதப் பாரு!"

மீன் எந்தத் திசை நோக்கி ஓடிற்றென்று அவள் தேடினாள். சோபாவின் பக்கம் பார்த்ததை நான் கண்டேன்.

தட்டை வைப்பதற்காக அவள் சமையலறைக்குள் போனபோது நானும் பின்னாலேயே போனேன். என்னை வரவழைத்தவள் அவள்தான். அறுவை அரங்கில் செவிலியாக இருந்து, அவளும் அண்மையில்தான் ஓய்வு பெற்றிருந்தாள். பணிக்காலம் முழுவதும் நின்றே கழித்தவள். கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாகப் புடைத்து முடிச்சிட்டுக் கிடந்தன.

"உக்காரணும்ணா. அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. ஜன்னலோரம் ஒரு நாற்காலியப் போட்டு உக்காரணும். இவரு என்னடான்னா காலம் முழுக்க ஸ்டியரிங் பிடிச்சிட்டு நில்லுங்கிறாரு. அந்தப் படகுல ஸ்டியரிங்குக்குப் பின்னால சாஞ்சுக்க ஒரு பலகை இருக்காம். உக்கார ஒண்ணுமில்ல."

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே. 'நீ ஓட்டலன்னா நான் எப்படி மீன் பிடிக்கிறது'ன்னு திருப்பிக் கேக்குறாரு. ஏதோ நான் அவர் வாயில மண்ணப் போட்ட மாதிரி. நீ ரெண்டு வார்த்தை சொல்லுண்ணா. உன்னக் கண்டா அவருக்குக் கொஞ்சம் பயம்."

பயம் என்ற சொல் எனக்கு இனித்தது. மீன் பிடித்தலின் மடமை, முதுமையில் நீர்நிலைகளால் விளையும் இடர், மனைவியை மாலுமியாக்குவதன் இழிவு ஆகிய மூன்று பகுதிகள் கொண்ட சொற்பொழிவொன்றை வழிநெடுகத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தேன். படகைக் கண்ணால் கண்ட பின்பு அதை நிகழ்த்தினால் வலிமை கூடுமெனக் கருதி, அன்றே அவர்களோடு படகுக் கடைக்குப் புறப்பட்டேன்.

கடை, ஏரிக்கரையில் இருந்தது. ஏரியின் கோடியிலிருந்து ஒரு கால்வாய் வளைகுடாவுக்குச் சென்றது. படகுகள் அனைத்தும் இழுவை வண்டிகளின்மேல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. கடைக்காரர் கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு வந்தார். எந்தப் படகின் அருகில் நின்றாலும், "இது உங்களுக்குன்னே செஞ்சது சார்" என்றார். மூன்றாவது முறை அவர் அவ்வாறு சொன்னபோது, மீகாமன் உண்மையாகவே நெகிழ்ந்து போனார்.

இரண்டு படகுகள் எஞ்சின. முதலாவது, குட்டையானது, அடிப்பாகம் தட்டை. முழங்கால் ஆழ நீரிலும் மிதக்கும், ஏரியோரத்துப் பாசிக்குள்ளும் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால், வளைகுடாவின் அலையில் ஓடினால் ஒவ்வோர் அலையும் அடியில் அறைந்து முதுகெலும்பை எண்ணிப் பார்க்கும். இரண்டாவது, நீளமானது, அடிப்பாகம் கூர்மை. அலையைப் பிளந்துகொண்டு ஓடும். ஆனால், ஏரியின் ஆழமற்ற ஓரங்களில் தரை தட்டும். இரண்டு நீருக்கும் ஒரே படகு என்பது, மழைக்கும் குளியலுக்கும் ஒரே உடை என்பதைப் போன்றது என்று நான் சொல்லிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

மீகாமன் ஏணி வைத்து நீளப் படகில் ஏறினார். வண்டியின்மேல் அசையாமல் நின்ற அதன் மூக்கில் நின்று, இல்லாத தூண்டிலை இல்லாத கடலில் வீசினார். பிறகு, எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு எடை தாங்கும் என்று பொறித்திருந்த சிறு தகட்டைக் கண்டு, குனிந்து தடவிப் பார்த்தார். பழைய நண்பனைக் கண்டதுபோல் அவருடைய முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா மச்சான்? எல்லாம் லிஃப்ட் மாதிரிதான். தகட்டுல உள்ளபடி ஏறினா ஒரு பயமும் இல்ல."

"லிஃப்டுக்குக் கீழ மீன் இருக்காது மாப்பிள்ளை."

"அதான் இதுல விசேஷமே!"

"தண்ணியில எறக்கிப் பாத்துடுவோமா சார்?" என்றார் கடைக்காரர். மீகாமனின் முகத்தில் ஒரு கணம் ஏதோ வந்து போயிற்று. தண்ணீரில் இறக்குவது என்பது அவருடைய திட்டத்தில் வாங்கிய பிறகு வருவது போலும்.

இறக்கினார்கள். மிதவைச் சட்டை அணிந்து, மீன் தொட்டியின் மூடிமேல் நான் உட்கார்ந்தேன். என் தங்கை, சொன்ன இடத்தில் சக்கரத்தின் பின்னே நின்றாள். கடைக்காரர் அவளருகே நின்று, வேகக் கைப்பிடியைக் காட்டிக்கொடுத்தார். ஏரி, வரவேற்பறைத் தரையைப்போல் கிடந்தது. மீகாமன் முன்மூக்கில் ஏறி நின்று, கடைக்காரரின் தூண்டிலை வீசினார். அது பத்தடி தள்ளி விழுந்தது. "காத்து எதிர்ல" என்றார். அவருடைய தலைமுடி ஓர் இழைகூட அசையவில்லை. "மெதுவாப் போ, இடது, நிறுத்து, ஏன் நிறுத்தின?" என்று கட்டளைகள் பொழிந்தன. என் தங்கை கீழ்ப்படிந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அவரை நினைத்தும் அவளை நினைத்தும். இவ்வளவு ஆண்டுகளாக இந்த மனிதரை ஒருவராவது ஏரியில் தள்ளியிருக்கக் கூடாதா என்று எண்ணினேன்.

கால்வாயைக் கடந்து வளைகுடாவுக்குள் நுழைந்ததும் நீரின் நிறம் மாறிற்று. பெரிய அலைகள் இல்லை. ஆயினும், காற்று குறுக்கே வீசிற்று. முதல் அலையில் படகு மூக்கைத் தூக்கி இறக்கியது. மீகாமன் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியைத் தேடினார். நாற்புறமும் திறந்த படகாயிற்றே, முன்மூக்கில் பிடிக்க ஒன்றும் இல்லை. அதுதான் அப்படகின் சிறப்பென்று காலையில் எனக்கு விளக்கியவர் அவர். இரண்டாவது அலையில் மண்டியிட்டார். மூன்றாவதில் தூண்டிலைக் கைவிட்டுத் தரையைக் கட்டிக்கொண்டார். அலை அவர்மேல் நீரை வாரி இறைத்தது.

"நிறுத்து! நிறுத்துடி!"

"நிறுத்தினா இன்னும் ஆடும் சார்," என்றார் கடைக்காரர். பிறகு என் தங்கையிடம், "அலைய நேரா வாங்காதீங்கம்மா. கொஞ்சம் சாய்ச்சு வாங்குங்க. ஏறும்போது வேகம் கொடுங்க, எறங்கும்போது கொறைங்க" என்றார்.

 அடுத்த அலை வந்தபோது அவள் சக்கரத்தைச் சிறிது ஒடித்தாள். படகு அதன் தோளில் ஏறி, ஓசையின்றி மறுபுறம் இறங்கிற்று. அதற்கடுத்ததையும் அப்படியே வாங்கினாள். முழங்கால்களை மடித்துக் கொடுத்து நின்றாள். அப்படி நிற்க யாரும் அவளுக்குக் கற்றுத் தரவில்லை. சாய்வுப் பலகை அவளுடைய முதுகுக்குப் பின்னால் சும்மா இருந்தது. அவள் முகத்தை நான் பார்த்தேன். என்னோடு பிறந்தவளின் முகத்தில் நான் ஒருபோதும் கண்டிராத ஒன்று அங்கே இருந்தது. அதற்கு மகிழ்ச்சி என்று பெயரிட எனக்குத் துணிவில்லை.

"அங்க ஒரு செவப்பு மிதவை தெரியுதே, அதுவரைக்கும் போலாமா?" என்று கேட்டாள். கடைக்காரரிடம்.

"போலாமே."

"வேணாம்! சொல்றேன்ல, திருப்பு!" என்று மூக்கிலிருந்து குரல் வந்தது.

"அசையாமப் படுங்க," என்றாள் அவள், அவரைப் பார்க்காமலேயே. "எந்திரிச்சா விழுந்துடுவீங்க."

அவர் அசையாமல் படுத்தார். மிதவையைச் சுற்றி அவள் பெரிய வட்டம் ஒன்று போட்டாள். பிறகு, யாரையும் கேட்காமல் இன்னொன்று போட்டாள்.

துறைக்குத் திரும்பியதும் கடைக்காரர் முதலில் கரையில் குதித்து, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மீகாமன் நான்கு காலில் இறங்கி, பலகை மேடையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். நானும் இறங்கினேன். அவருடைய பற்கள் ஒன்றோடொன்று மோதின. ஆயினும் வாய் வேலை செய்தது.

"இது சரி வராது. டிசைன்லயே கோளாறு. நமக்கு எதுக்கு வளைகுடா? ஏரி மீன்தான் ருசி. அந்தத் தட்டைப் படகப் பாத்துடுவோம். அதுல நடுவுல ஒரு சீட்டும் போட்டுக்கலாம், நீ உக்காந்துக்கலாம். உக்காரணும் உக்காரணும்னுதானே சொல்லிட்டிருந்தே?"

நான் வந்த காரியம் தானாகவே முடிந்துவிட்டது. சொற்பொழிவு செலவாகவில்லையே என்றுகூட வருந்தினேன். அவளுடைய நன்றியைப் பெறுவதற்காகப் படகின் பக்கம் திரும்பினேன். அவள் இறங்கியிருக்கவில்லை. நனைந்த முடியை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு நின்றாள்.

"எனக்கு இதுதான் வேணும்," என்றாள்.

"எதுக்கு? மீன் பிடிக்கப் போறது நான்!"

"நீங்க ஏரியில பிடிங்க."

"கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு? தனியா யாரு போவா அங்க?" மீகாமன் என்னுடைய முழங்கையைப் பற்றினார். ஈரக் கை. "மச்சான், நீங்களாவது சொல்லுங்க. வயசான காலத்துல தண்ணி எவ்வளவு ஆபத்துன்னு எடுத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பா."

மூன்று பகுதிகளும் என் நாவின் நுனியில் நின்றன. அவற்றுள் இரண்டு இப்போது இவருடைய வழக்குக்குத்தான் பொருந்தும் என்பதைக் கண்டபோது எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது. இருந்தும் வாயைத் திறந்தேன்.

"அண்ணா," என்றாள் அவள், "நீ ஒண்ணும் சொல்லாத."

"சார் அதையும் பாத்துடலாம், இதையும் பாத்துடலாம்! ரெண்டுமே உங்களுக்குன்னே செஞ்சது!" இரட்டை விற்பனையின் வாடை மூக்கில் ஏறிய கடைக்காரர், தட்டைப் படகைக் காட்டுவதற்காக விளிம்பிலிருந்து கையை எடுத்தார். எடுத்த பிறகுதான், இன்னும் கட்டவில்லை என்பது அவருக்கு உறைத்தது. "அம்மா, அந்தக் கயித்தப் போடுங்க" என்று கையை நீட்டினார்.

கயிறு அவள் காலடியில் சுருண்டு கிடந்தது. குனிந்து எடுத்தாள். படகுக்கும் துறைக்கும் இடையே ஒரு சாண் நீர் தெரிந்தது. பிறகு ஒரு முழம். "போடுடி!" என்று மீகாமனும் கையை நீட்டினார். என்னையறியாமல் என் கையும் நீண்டிருந்தது. மூன்று ஆண்கள் துறையின் விளிம்பில் வரிசையாகக் கையேந்தி நின்றோம். அவள் கயிற்றின் ஈரத்தைப் பிழிந்தாள். எங்களைப் பார்க்காமல், முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் இடையே அதை மெல்லச் சுற்றத் தொடங்கினாள். படகு பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.