விருந்தாளிக்குச் சொன்ன பதில்

எங்கள் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. வீட்டுக்குள் வந்தவரிடம் வீட்டின் குறையைப் பேசமாட்டோம். கடலில் ஒரு மீன்கூடப் படாத நாளிலும், வந்தவர் கேட்டால் "ஒரு குறையும் இல்லை" என்பதுதான் பதில். குறை பேச வேறு இடம் இருக்கிறது. அம்மன் கோயில் முன்னால் சபை கூடும். அங்கே எதையும் சொல்லலாம், யாரையும் கேட்கலாம்.

திருவொற்றியூர்க் கரையில் எங்கள் குப்பத்துக்கு என் அப்பா நாட்டார், சபையை நடத்தும் ஊர்த் தலைவர். அவருக்குப் பிறகு நான், தண்டபாணி. முன்வரிசை வீடுகளைக் கடல் கொண்டுபோன பிறகு, சாலைக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு மாடிக் குடியிருப்பு கட்டிக் கொடுத்தார்கள். முதல் மழையிலேயே சுவர் ஊறியது. மேல்மாடியில் பச்சையம்மா வீட்டுக் கூரைப்பூச்சு பெயர்ந்து அவள் மருமகளின் தோளில் விழுந்தது. கரையோரக் குடிசைகளில் மிச்சமிருப்பவர்களுக்கும் அதே கான்ட்ராக்டர் இதே மாதிரி இன்னொரு கட்டடம் எழுப்பப்போகிறார் என்று தெரிந்ததும் சபை கூடி தில்லிக்கு மனு அனுப்பினோம். வீட்டுவசதி, உள்ளாட்சித் திட்டங்களை ஆராயும் பாராளுமன்றக் குழு சென்னைக்கு வருகிறது, எங்கள் குடியிருப்பையும் பார்க்கும் என்று பதில் வந்தது. அவர்கள் எழுதுவதைப் பொறுத்துத்தான் இரண்டாவது கட்டடம் எழும்பும் அல்லது நிற்கும்.

குழுவை அழைத்து வரும் பொறுப்பைச் சபை என் தம்பி டில்லிபாபுவிடம் கொடுத்தது. அலுவலகங்களில் புழங்கியவன், இங்கிலீஷ் பேசுவான்.

"அண்ணாத்தே, மொதல்ல உன் வூட்டுக்குத்தான் இட்னு வருவேன்" என்றான். "நாட்டார் வூட்ட வுட்டுட்டு வேற எங்க போவாங்க? ஒரு வாய் தண்ணி குட்து அனுப்பு. பொறவு கீழ சமுதாயக் கூடத்துல எல்லாரும் குந்திகினு இருப்பாங்க, குறையெல்லாம் அங்க பேசிக்கலாம். வூட்ல இன்னாத்துக்கு அது?"

அப்பாவே பேசுவதுபோல் இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

குழு வருவதற்கு முந்தின நாள் ஆட்கள் வந்து என் வீட்டுச் சுவரில் விரிசல்களைப் பூசி, வெள்ளையடித்தார்கள். டில்லிபாபு அனுப்பியவர்கள். என் மனைவி ராமசெல்வி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"விரிசல மூடிட்டா அவுங்க வந்து எத்தப் பாப்பாங்க?"

"வர்றவங்க விருந்தாளி. கலீஜா வச்சிக்கச் சொல்றியா? மத்த வூடுங்கள்ல பாக்கட்டும்."

"மத்த வூட்டுக்குப் போவாங்களா?"

நான் நாற்காலி இரவல் வாங்கக் கீழே இறங்கினேன்.

குழுவின் தலைவி நரைத்த தலையுடன் வடக்கத்திப் பெண்மணி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அதிலேயே எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தேன். ஓர் அதிகாரி மொழிபெயர்த்தார்.

"வீடு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்."

"ஒரு குறையும் இல்ல."

"மழைக்கு ஒழுகுகிறதா?"

டம்ளர் இன்னும் தலைவியின் கையில் இருந்தது. நான் டில்லிபாபுவைப் பார்த்தேன். அவன் வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மன் புண்ணியத்துல நல்லாகீறோம். ஜனம் கூடத்துல காத்துகினு கீது. அங்க எல்லாம் பேசுவாங்க."

அதிகாரி முதல் வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் டில்லிபாபு இங்கிலீஷில் ஏதோ குறுக்கிட்டான். அதிகாரி தலையசைத்தார். எல்லோரும் எழுந்து என்னைக் கும்பிட்டார்கள். படியிறங்கியவர்கள் நேரே கார்களில் ஏறினார்கள். கூடத்துப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

கொஞ்ச நேரத்தில் பச்சையம்மா தன் பேத்தி சௌமியாவோடு வந்தாள். வாசலில் நின்று மோந்து பார்த்தாள்.

"சுண்ணாம்பு வாசன ஜோராகீது நாட்டாரே. எங்க வூட்லயும் அடிக்கச் சொல்லு. அடுத்த தபா கூர வுழறப்ப வெள்ளையா வுழும்."

"டில்லி இன்னா சொன்னான் அவங்களாண்ட?" என்று கேட்டேன்.

சௌமியா கல்லூரியில் படிக்கிறவள். குழு வந்திருந்தபோது மாடிப்படியில் நின்றிருந்தாள். "இவருதான் ஊர்த் தலைவரு, இவரு பேசினா ஊரே பேசின மாதிரின்னு சொன்னாரு தாத்தா. மத்தவங்கள்லாம் தொழிலுக்குப் போய்ட்டாங்களாம்."

கீழே டில்லிபாபு வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கண்டும் எழவில்லை.

"தெரிஞ்சுதான் செஞ்சியா?"

"வூட்டாண்ட வந்தவங்ககிட்ட நீ வாயத் தொறக்கமாட்டன்னு தெரியும்ணா. நைனா வளத்த வளப்பு அப்டி." சோற்றைப் பிசைந்தான். "ரெண்டாவது பில்டிங்குக்கு மணலு, ஜல்லி நான்தான் எறக்கப்போறேன். என் புள்ளைங்களும் வலையே இழுக்கணுமா?"

"அதுல குடியிருக்கப் போறவன் யார்றா?"

"இருக்கறவன் இருப்பான். நீ பேஜாரு பண்ணாத. வெளில சொன்னா நம்ம வூட்டு மானந்தான் போவும்."

அவன் வாயால் பொய் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். என் வாயால் சொல்ல வைத்தான். அப்பா எனக்குக் கற்றுக் கொடுத்ததை எடுத்து எனக்கே கண்ணி வைத்தான். நான் வெளியே பேசாதிருக்கவும் அதையே பூட்டாகப் போடுகிறான்.

மறுநாள் காலை நகரத்தில் ஒரு விருந்தினர் மாளிகையில் குழு அதிகாரிகளை விசாரித்தது. நானும் பச்சையம்மாவும் போனோம். வாசலில் தடுத்தார்கள். முந்தின நாள் எங்கள் வீட்டுக்கு வராத தமிழ் உறுப்பினர் ஒருவர் விஷயத்தைக் கேட்டு உள்ளே விடச் சொன்னார். கான்ட்ராக்டருக்குப் பின்னால் டில்லிபாபு சலவைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான்.

நாற்காலி கொடுத்தார்கள். நான் உட்காரவில்லை. ஊறும் சுவர், விழுந்த கூரை, என் வீட்டில் பூசி மறைத்த விரிசல், எல்லாம் சொன்னேன். தலைவி பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். அதிகாரி தமிழில் சொன்னார்.

"நேற்று உங்கள் வீட்டிலேயே ஒரு குறையும் இல்லை என்றீர்கள். இன்று இப்படிச் சொல்கிறீர்கள். எதைப் பதிவு செய்வது?"

கான்ட்ராக்டர் சிரித்தார். யாரோ தூண்டிவிட்ட கிழவன் என்று அந்த அறை முடிவு செய்துகொண்டிருந்தது. நேற்றுச் சொன்னதற்குக் காரணம் சொன்னால்தான் இன்று சொல்வதை நம்புவார்கள். காரணம் எதிரே உட்கார்ந்திருந்தது. "அண்ணே" என்று அவன் உதடு அசைந்தது.

"வூட்டுக்கு வந்தவங்களாண்ட குறை பேசறது எங்க வழக்கம் இல்லம்மா. அது தெரிஞ்ச ஒருத்தன் உங்கள என் வூட்டுக்கு மட்டும் இட்னு வந்தான். ஜனம் தொழிலுக்குப் பூட்ச்சின்னு பொய் சொன்னான். விரிசல மூட ஆள் அனுப்னதும் அவன்தான். புதுக் கட்டடத்துக்கு மணல் எறக்கப்போறதும் அவன்தான்."

"யார்?"

"என் கூடப் பொறந்த தம்பி. டில்லிபாபு. தோ, அங்க குந்திகினு கீறான்."

அதிகாரி தயங்கினார். முழுவதையும் சொல்லும்படி தலைவி கையசைத்தார். கேட்டு முடித்ததும், மதியம் கார்கள் மறுபடி திருவொற்றியூர் போகவேண்டும், மேல்மாடி வீடுகளையும் கூடத்தையும் பார்க்கவேண்டும் என்றார். எங்கள் குப்பத்து ஜனங்களுக்கு அது போதும். அறிக்கை என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது.

வெளியே வந்தபோது டில்லிபாபு கேட் அருகே நின்றிருந்தான்.

"வெளியாளுங்க முன்னால என் பேர சொல்ட்டல்ல" என்றான். "நைனா இருந்தா உன்ன வூட்ல சேத்துப்பாரா?"

நியாயமான கேள்விதான். அதைக் கேட்கத் தகுதி இல்லாதவன் கேட்டான். நான் அவனைத் தாண்டி நடந்தேன்.

பஸ்ஸில் பச்சையம்மா நகர்ந்து இடம் விட்டாள். "குந்து நாட்டாரே."

அப்பா என்னை உட்காரச் சொல்லியிருப்பாரா என்று தெரியவில்லை; நான் கம்பியைப் பிடித்தபடி திருவொற்றியூர் வரை நின்றுகொண்டே வந்தேன்.