கரோலினுக்கு நாற்பத்திரண்டு மீன்

1

இது கதையே இல்லை, கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. ஒரு மாத இதழில் கேட்டிருந்தார்கள்: கைபேசியில் வரும் பூனை விளையாட்டுகள், நன்மையும் தீமையும், இரண்டு பக்கம். நான் பூனையும் வளர்த்ததில்லை, அந்த விளையாட்டும் ஆடியதில்லை. இருந்தாலும் ஒத்துக்கொண்டேன். தாளின் நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் 'மனதுக்கு இதம்', அந்தப் பக்கம் 'கண்ணுக்குக் கேடு' என்று எழுதிவிட்டு மூன்று நாள் சும்மா இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெங்களூரிலிருந்து மாரிக்குப்பம் ரயிலில் வரும்போது பக்கத்து சீட்டில் ஷைலா. பெங்களூரில் குடியிருப்பவள், சர்ச்சில் பார்த்துப் பழக்கம். கட்டுரை விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க வூட்டு கதைய கேளுங்கண்ணா. நல்லது கெட்டது ரெண்டும் அதுலயே கீது," என்றாள்.

பங்காருப்பேட்டை வருவதற்குள் என் கட்டுரை செத்துப்போனது. (வீட்டுக் கதையை எழுதிக்கொள்ளச் சொன்னது அவள்தான். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.)

2

முதல் தொடக்கம்: *ஊரிகத்து லைன் வீடுகளின் மேல் சூரியன் தங்கத்தை அள்ளி*

வேண்டாம். தங்க வயலில், தங்கச் சுரங்கம் மூடிப்போன ஊரில் இருந்துகொண்டு இப்படி எழுதினால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

இரண்டாவது தொடக்கம்: *கிளமெண்ட் காலை ஆறு மணிக்கு மனைவிக்கு மீன் அனுப்பினார்.*

இது இருக்கட்டும். கிளமெண்ட் ஷைலாவின் அப்பா, வயது அறுபத்தெட்டு. சுரங்கம் மூடும் வரைக்கும் அடியில் கூரை சரியாமல் மரமுட்டுக் கொடுத்தவர். ஷைலா பொழுதுபோகட்டும் என்று அப்பா, அம்மா இருவர் போனிலும் ஒரே விளையாட்டை ஏற்றிக் கொடுத்திருந்தாள். ஆளுக்கொரு பூனை வீடு. பூனைகளுக்கு மீன் போட வேண்டும், பக்கத்து வீட்டுக்கும் அனுப்பலாம். முன்னறையிலிருந்து கிளமெண்ட் அனுப்புவார், அடுப்படியில் கரோலினின் போன் 'டிங்' என்னும்.

இதில் விசேஷம் என்னவென்றால், இருவரும் பேசி இருபத்திரண்டு நாள் ஆகிறது. மீன் மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை.

மீனோடு ஒரு வரியும் அனுப்பலாம். விளையாட்டில் இருப்பது மூன்றே வரிகள்: 'மியாவ்', 'நன்றி', 'உங்கள் பூனை அழகு'. கிளமெண்ட் தினமும் 'உங்கள் பூனை அழகு' அனுப்பினார். கரோலின் 'நன்றி'யோடு நிறுத்திக்கொண்டாள். பதினாலாம் நாள் ஒரு 'மியாவ்' வந்தது. அன்றைக்கு முழுக்க மனிதர் தரையில் நடக்கவில்லை.

இதை நன்மைப் பக்கம் எழுதினேன். இந்தச் சனியன் இல்லாவிட்டால் இரண்டாம் நாளே "காபி ஆறிப்போவுது" என்றாவது ஒருத்தர் வாயைத் திறந்திருப்பாரே என்று தோன்றியது. அடித்துவிட்டுத் தீமைப் பக்கம் எழுதினேன். இப்போது இரண்டு பக்கமும் கிறுக்கல்.

3

சண்டைக்குக் காரணம். கரோலினுக்கு முழங்கால் ஆபரேஷன். பெங்களூரில் செய்து, மூன்று மாதம் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்வதாக ஷைலா போன் செய்தாள். கரோலின் அப்போது கடைக்குப் போயிருந்தாள். எடுத்தவர் கிளமெண்ட். "மம்மிக்கு இஷ்டம் இல்லியாம் ஷைலா," என்று சொல்லி வைத்துவிட்டார்.

விஷயம் தெரிந்தபோது கரோலின் கேட்டது ஒன்றே ஒன்று. "இஷ்டம் இல்லாதது உங்களுக்கு. எம்பேர ஏன் சொன்னீங்க?"

அதற்குப் பிறகு பேச்சில்லை.

(முதல் பிரதியில் கிளமெண்டைக் கல்நெஞ்சக்காரராக எழுதினேன். *மனைவியின் வலி தெரியாத அந்த மனிதர், சாப்பாட்டுக்கு வழியில்லாமல் போகுமே என்று...* இல்லை, அடித்துவிட்டேன். அவருக்கு நன்றாகவே சமைக்க வரும். மூன்று மாதம் அவள் இல்லாத வீட்டை நினைத்தால் பயமாக இருந்தது, அவ்வளவுதான். அதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மனைவி பேரில் சொல்லிவிட்டார். இந்த இடத்தில் எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.)

அந்த லைனில், சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையில், அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஷிஃப்டுக்குக் கிளம்புகிறவனை முகம் கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். கேஜில், அந்த இரும்புக் கூண்டில், சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் ஏறி வருவான் என்று யார் சொல்ல முடியும்? எவ்வளவு சண்டையானாலும் வாசலில் ஒரு வார்த்தை பேசித்தான் ஆக வேண்டும். கிளமெண்ட் முறைத்துக்கொண்டு போனால் எதிர் வீட்டுப் பாப்பம்மா தடுப்பாள். "இன்னா கிளமெண்ட்டு, அதுங்கிட்ட சொல்லிகினு போ." அதனால் அவர்கள் சண்டை எதுவும் ஒரு ஷிஃப்டைத் தாண்டியதில்லை. சுரங்கம் மூடிய பிறகு கோபத்துக்குக் கெடு இல்லாமல் போய்விட்டது.

4

திங்கட்கிழமை காலை அம்மாவைக் கூட்டிப்போகத்தான் ஷைலா வருகிறாள். "டாடி ஒரு வார்த்த பேசி அனுப்புனா போதுண்ணா. மம்மி பயந்துகினு கீது, வெளிய காட்டிக்கல," என்று சொல்லிவிட்டு ஊரிகத்தில் இறங்கிவிட்டாள். இனி வருவது என் கற்பனை.

ஆட்டோ வந்து நிற்கிறது. ஷைலா முன்னால் போய்விட்டாள். கரோலின் பையோடு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், படி இறங்கவில்லை. நாற்காலியில் கிளமெண்ட் குனிந்து போனைத் தடவுகிறார். பையிலிருந்து டிங், டிங், டிங். சேர்த்து வைத்த நாற்பத்திரண்டு மீனையும் அனுப்பிவிட்டார். அவருடைய பூனைகள் காலித் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கின்றன. பேசியாயிற்று என்று நினைக்கிறார், பாவம்.

முடிவு ஒன்று: அவள் போய்விடுகிறாள். இதை எழுதினால் அடுத்த ஞாயிறு ஷைலா முகத்தில் விழிக்க முடியாது.

முடிவு இரண்டு: கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அந்தத் தெருவில் பட்டப்பகலில் யாரும் அப்படிச் செய்வதில்லை.

மூன்று: கரோலின் போனை எடுத்துப் பார்க்கிறாள்.

"எல்லாத்தையும் அனுப்பிட்டீங்களே. உங்க பூனைங்களுக்கு?"

"அதுங்களுக்கு இன்னா, பட்டினி கெடக்கட்டும்."

அவள் இன்னும் இறங்கவில்லை. ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

கிளமெண்ட் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வருகிறார். இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை, பத்துத் தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நீங்கள் எழுதுங்கள். அவர்கள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது, அதனால் நீளமாக வேண்டாம். அவர் சொல்லப்போவது அவள் பேரில் இருக்கக் கூடாது, அவர் பேரில்தான் இருக்க வேண்டும். முதல் இரண்டு வார்த்தை வரைக்கும் அவரைப் பிடித்துத் தள்ளிக் கொண்டுவந்திருக்கிறேன்.

"கரோலின், எனக்கு