ஜன்னல் பக்கக் கட்டில்

நாற்பது கட்டில்களுக்கு ஒரே ஒரு ஷாக் மெஷின், இரண்டே சிஸ்டர்கள். ஆகவே இதயம் நின்றுபோனால் யாருக்காக ஓடுவது, யாருக்காக ஓடாமலிருப்பது என்பதைப் பெரிய டாக்டர் காலை ரவுண்டிலேயே முடிவு செய்துவிடுவார். எழுத மாட்டார். எழுதினால் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட்டால் கேள்வி வரும். "இவரை ஜன்னல் பக்கம் போடுங்க" என்பார், அவ்வளவுதான். வாசல் பக்கக் கட்டில் என்றால் திரும்பி வர வேண்டியவர். ஜன்னல் பக்கம் என்றால் தொந்தரவில்லாமல் போக வேண்டியவர். இந்தச் சங்கதி வார்டு ஊழியர்கள் எல்லோருக்கும் தெரியும், நோயாளிகளுக்குத்தான் தெரியாது. உடம்பு சரியில்லாதவர்களிடம் போய் இதையெல்லாம் சொல்லலாமா?

வாசல் கட்டிலில் ஒரு லிஃப்ட்காரர். முப்பது வருடமாக அடுத்தவர்களை மேலே அனுப்பிவிட்டுத் தான் பத்திரமாகக் கீழே வந்தவர். ஐம்பத்திரண்டு வயதில் மாரடைப்பு. "பிழைச்சுக்குவார், வாசல்லயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பற்றாக்குறையைச் சமாளிப்பது எப்படி என்ற கூட்டத்துக்குப் பெரிய டாக்டர் கிளம்பிப் போனார்.

லிஃப்ட்காரரின் தலைக்கு மேலிருந்த மின்விசிறி எப்போதோ பணி ஓய்வு பெற்றிருந்தது. மனிதருக்கு வேர்த்துக் கொட்டியது. ஜன்னல் பக்கமோ ஜிலுஜிலுவென்று காற்று. அவர் மனைவி, தையல்கார அக்கா, பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவரில்லை. வார்டு உதவியாளரின் கிழிந்த சட்டைப்பையைக் கையோடு தைத்துக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் இடம் கேட்டார். அங்கே படுத்திருந்த தொண்ணூற்றொரு வயதுப் பெரியவருக்குக் குளிர் தாங்கவில்லை, அவருக்கும் சம்மதம். உதவியாளர் வேலைக்குச் சேர்ந்து நாலே நாள் ஆகியிருந்தது. விதி அவர் வரைக்கும் இன்னும் வந்து சேரவில்லை. இரண்டு கட்டில்களையும் உருட்டி இடம் மாற்றிவிட்டார். பார்க்க வந்த நாத்தனார்கூட அக்காவின் சாமர்த்தியத்தைப் பாராட்டினார். நாத்தனார் பாராட்டுவது எவ்வளவு அபூர்வம் என்பது குடும்பஸ்தர்களுக்குத் தெரியும்.

இரவு எட்டு மணிக்கு ஷிஃப்ட் மாறி, கட்டில்கள் இடம் மாறியது தெரியாத சிஸ்டர்கள் வந்தார்கள். பத்து மணிக்குப் பெரியவரின் இதயம் நின்றது. வாசல் கட்டிலாயிற்றே! ஒரு சிஸ்டர் முக்காலியில் ஏறி நெஞ்சை அமுக்கினார், இன்னொருவர் மெஷினைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். இரண்டு விலா எலும்பு முறிந்து, இரண்டு ஷாக் கொடுத்த பிறகு பெரியவர் கண் திறந்தார்.

"யாருடா அது? ஒருவழியா கிளம்பிட்டேன்னு நிம்மதியா இருந்தேன்."

தையல்கார அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. தொண்ணூற்றொன்றுக்கே இந்த ஓட்டம் என்றால் உங்களுக்குப் பறந்தே வருவார்கள் என்று கணவரிடம் சொன்னார்.

பன்னிரண்டு மணிக்கு லிஃப்ட்காரரின் கண் செருகியது. அக்கா போட்ட சத்தத்தில் சிஸ்டர் வந்தார். நடந்து வந்தார். மெஷினுக்குப் பதிலாக மறைப்புத் திரையோடு வந்தார். திரையை விரித்துவிட்டு அக்காவின் தோளில் கை வைத்தார்.

"மனசைத் தேத்திக்குங்கம்மா."

"மெஷின் எங்க?"

"இது ஜன்னல் பக்கம்மா. மெஷின் வாசலுக்குத்தான் வரும்."

அக்கா கண்ணாலேயே அளவெடுப்பவர். வாசலுக்குப் பதினைந்தடி. காலால் சக்கரத்தின் பிரேக்கைத் தட்டிவிட்டுக் கட்டிலைத் தள்ளினார். திரை சாய்ந்தது. பெரியவரின் கட்டில் இடிபட்டு ஓரமாக உருண்டது. லிஃப்ட்காரர் வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

"இப்ப வாசல்தானே? ஓடு."

விதி விதிதான். சிஸ்டர் ஓடினார். முக்காலி வந்தது, மெஷின் வந்தது. ஒரே ஷாக்கில் லிஃப்ட்காரரின் இதயம் வேலைக்குத் திரும்பியது.

ஓரமாகக் கிடந்த பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அக்காவைப் பார்த்துக் கையசைத்தார்.

"என்னை ஜன்னலுக்கே உருட்டிவிடச் சொல்லும்மா. ரெண்டு போர்வை மட்டும் குடுத்தாப் போதும்."

மருத்துவமனையில் அவரிடம் யாரும் இதுவரை கேட்காத கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து லிஃப்ட்காரர் கண் திறந்து மேலே ஓடாத மின்விசிறியைப் பார்த்தார்.

"ஏண்டி, மறுபடியும் இங்க ஏன் கொண்டுவந்தே? காத்தே வரல."

அக்கா கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய கேஸ் ஷீட்டை எடுத்து அவருக்கு விசிறினார். முக்கியமான எதையும் அதில் எழுதியிருக்கவில்லை. விசிற வாகாக, லேசாக இருந்தது.